கால் படாத மண்

ஐந்தாவது சாடியும் போய்விட்டது.

சுபஹுத் தொழுதுவிட்டு ஹோலில் லைட்டைப் போட்டபோதுதான் அகீலா அதைக் கண்டாள். வெள்ளி பூசியதுபோல விரிந்திருந்த பெகோனியா இலைகள், தீயில் காட்டிய தாளைப்போல ஓரம் முழுவதும் கருகித் தொங்கின. தண்டு சரிந்து சாடியின் விளிம்பில் கிடந்தது. அவள் மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமாகத்தான் இருந்தது. நேற்று மாலை அவள்தான் தண்ணீர் ஊற்றினாள்.

அவள் கத்தவில்லை. நேராகப் பின்வளவுக்குப் போனாள். குளியலறைக்குப் பின்னால், கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு பலகை. அதன் மேல் ஒரு போத்தல். புல்லுக்கு அடிக்கிற மருந்து. மூடி உடைக்கப்பட்டிருந்தது. கால்வாசி குறைந்திருந்தது.

அப்போதுதான் கத்தினாள்.

அந்த வீடு காத்தான்குடியில், வாவிப் பக்கமாகப் போகும் ஒரு குறுக்கு ஒழுங்கையில் இருந்தது. தாய் மௌத்தாகுமுன் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் எழுதிக்கொடுத்த வீடு. முன்பாதி மூத்தவள் அகீலாவுக்கு. அவள் கணவன் நஸீர் கட்டாரில். பிள்ளைகள் இல்லை. பின்பாதி இளையவள் றமீஸாவுக்கு. அவளுக்கு ஒரு மகன், இஷாம், தவழும் வயது. நடு ஹோல் இருவருக்கும் பொது. றமீஸாவின் கணவன் ஷாமில் ஓட்டமாவடிக்காரன். கல்யாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்தவன். வெல்லாவெளி வயல் வட்டைகளுக்குக் களைநாசினி கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு கடையில் வேலை செய்தான்.

அகீலாவுக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

காலை வெயில் ஏறுமுன் அவள் இரண்டு பேருக்குப் போன் செய்தாள். ஒருவர் ஏறாவூரில் புடவைக்கடை வைத்திருக்கும் தாய்மாமன் ஹமீட். அவர் வந்து, ஹோலின் பெரிய கதிரையில் அமர்ந்து, தீர்ப்பைப் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு சொல்வதாகச் சொன்னார். தீர்ப்பு என்னவாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஷாமிலின் பை ஏற்கனவே கட்டிவைக்கப்பட்டிருந்தது.

மற்றவள் அன்ட்றியா. மட்டக்களப்புப் பட்டணத்தில் மூக்குக்கண்ணாடிக்கடை வைத்திருக்கும் பறங்கிப் பெண். அகீலாவின் முதல் பெகோனியா அன்ட்றியாவின் ஜன்னலிலிருந்துதான், ஈரத்துணியில் சுற்றிய ஒற்றை இலையாக வந்தது. மற்றவை அந்த இலையின் பிள்ளைகள். ஆகவே செத்த வீட்டுக்கு வருவதைப்போலத்தான் அவள் வந்தாள். நாவற்குடாவைத் தாண்டும்போதே வறண்ட கச்சான் காற்று ஸ்கூட்டரைச் சாய்த்தது. உதடு வெடித்திருந்தது.

"வாங்க மிஸ்," என்றார் ஹமீட். "டொக்டர் வந்திட்டா. ஆனா நோயாளி மௌத்து."

"ஆர் செஞ்சது எண்டு தெரியும்," என்றாள் அகீலா. "என்ன செஞ்சது எண்டு மட்டும் நீங்க மாமாக்குச் சொன்னாப் போதும்."

"ரெண்டாவது தெரியாம முதலாவது எப்பிடித் தெரியும்?"

அகீலா சாடிகளின் பக்கம் கையைக் காட்டினாள்.

ஹோலில் இரண்டு வரிசை. ஜன்னல் பக்கம் ஏழு சாடிகள். எல்லாம் கொழுத்து நின்றன. எதிர்ப்பக்கம், றமீஸாவின் அறைக் கதவை ஒட்டி ஐந்து. ஐந்தும் கருகியவை. மாபிள் தரை ஊறாமலிருக்க ஒவ்வொரு சாடிக்குக் கீழும் ஒரு தட்டு.

அன்ட்றியா நிலத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கடையில் கண்ணாடிச் சில்லைப் பார்க்கும் சின்ன லென்ஸைப் பையிலிருந்து எடுத்தாள்.

"கச்சான் எரிச்சிட்டோ எண்டு முதல்ல நினைச்சன். ஓரம் கருகினா அதுதான் வழக்கம். ஆனா காத்து எண்டா ஜன்னலடியில இரிக்கிறதுதானே முதல்ல போகணும்?"

இலையைத் திருப்பிப் பார்த்தாள். பூச்சி இல்லை. பஞ்சுபோன்ற எதுவும் இல்லை. இலைமேல் சாம்பல் பூஞ்சணமும் இல்லை. கடைசியாகச் செத்த சாடியைக் கவிழ்த்து, வேரை மணந்து பார்த்தாள். தண்ணீர் கூடி அழுகிய வேர் கறுத்துக் குழைந்து நாறும். இது நாறவில்லை. வற்றிச் சுருங்கியிருந்தது. ஈர மண்ணுக்குள் தாகத்தால் செத்த வேர்.

"எந்தத் தண்ணி ஊத்துறீங்க?"

"பிளாஸ்டிக் பரல்ல பிடிச்ச மழத்தண்ணி. கிணத்துத் தண்ணி தொடவே மாட்டன். ஆவணி பிறந்தா எங்கட கிணறும் வாவி மாதிரி உவர்தான், வாயில வைக்க ஏலா."

"எல்லாத்துக்கும் ஒரே வாளியா?"

"ஒரே வாளி. ஒரே கோப்பை. வேற ஆரும் தொடுறல்ல. தொட உடவும் மாட்டன்."

மற்ற நான்கில் மிகமோசமான சாடியின் மண்ணில் லென்ஸ் நின்றது. மேல்மண்ணில் மெல்லிய வெள்ளைப் படை. சாடியின் விளிம்பிலும் அதே வெள்ளை. அதற்கு நடுவே ஒரு விரல் நீளத்துக்குச் சிறுபசளை ஒன்று முளைத்து, சின்னக் கொழுத்த இலைகளோடு பச்சையாகப் படர்ந்திருந்தது.

"அது களை," என்று அகீலா கையை நீட்டினாள். "பிடுங்க மறந்திட்டன்."

"பிடுங்காதீங்க. அது சாட்சி."

பிறகு அன்ட்றியா பின்வளவுக்குப் போனாள். மதில் தொடங்கி மதில் வரை இன்டர்லொக் கல். ஷாமில் கிணற்றுக் கட்டில் குந்தியிருந்தான். மெலிந்தவன். தாடியை ஒழுங்காக வெட்டியிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"போத்தல் உங்கடயா?"

"ஓம்."

"எதுக்குத் திறந்தீங்க?"

"புல்லுக்கு."

"எங்க புல்லு?"

அவன் காலால் காட்டினான். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் வைக்கோல் நிறத்தில் புல் செத்துக் கிடந்தது.

"ஏன் ஒளிச்சி வெச்சீங்க?"

"ஒளிக்கல்ல மிஸ். புள்ள தவழுறான். மருந்தக் கொண்டுபோய் ஹோலுக்குள்ளயா வைக்கிற?"

"சாடியெல்லாம் தூக்கி எறிவன் எண்டு சொன்னீங்களாம்."

"சொன்னன். தட்டுல தண்ணி நிக்கிது, நுளம்பு வருது, டெங்கு வந்தா ஆரு பொறுப்பு எண்டு கேட்டன். மதினி ஏசினா. நானும் ஏசினன். எறியல்லயே?"

"வேற என்னத்துக்கெல்லாம் ஏசுவீங்க?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "றமீஸாட உம்மா இருந்த காலத்துல இந்த ஊட்டுல நூல் கட்டுறது, மை வைக்கிறது, சுத்திப் போடுறது எல்லாம் இருந்த. நான் வந்து அதெல்லாம் வாணாம் எண்டன். அல்லாஹ் பார்த்துக்கொள்ளுவான் எண்டன். அதுக்கும் மதினிக்கு என்னில கோவம்தான்."

அன்ட்றியா திரும்பப் போனாள். அவன் பின்னாலிருந்து கூப்பிட்டான்.

"மிஸ். ஊட்ட உட்டுப் போறது எனக்குப் பெரிசில்ல. உம்மாட ஊடு இரிக்கி. ஆனா நஞ்சு வெச்சவன் எண்டு பேர் எடுத்துப் போனா, பிறகு என்ட மகன என்ட கையில தருவாங்களா?"

ஹோலில் அகீலா எல்லோருக்கும் தேசிக்காய்த் தண்ணி கரைத்துக்கொண்டிருந்தாள். அலுமாரியில் ஒரு போத்தலை எடுத்து, தட்டிப் பார்த்து, திரும்ப வைத்தாள்.

"உப்பு முடிஞ்சிட்டு. போன கிழமைதான் நிறையப் போட்டன். இந்த ஊட்டு எலி உப்பும் தின்னுமா?"

"தின்னட்டும்," என்றார் ஹமீட். "பிரஷர் இல்லாத எலி. எனக்குத்தான் டொக்டர் தடுத்திரிக்கார்."

இஷாம் தவழ்ந்து வந்து அகீலாவின் பாவாடையைப் பிடித்து எழும்பினான். அவள் அவனைத் தூக்கி மடியில் வைத்தாள். காலையிலிருந்து அவள் முகத்தில் இல்லாத ஒன்று அப்போது வந்தது.

"என்ட ராசா. என்ன வடிவுடா நீ. பாருங்க மிஸ், இந்தக் கன்னத்த. கடிச்சித் தின்னலாம் போல இரிக்கி."

றமீஸா கதவடியில் நின்றாள். அவள் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. பிறகு விறுவிறு என்று வந்தாள். "தாங்க ராத்தா. பாலுக்கு நேரம்."

"இப்பதானே குடுத்த?"

"இன்னும் குடிப்பான்."

தூக்கும்போது பிள்ளையின் ஒரு காலுறை கழன்று அன்ட்றியாவின் முன்னால் விழுந்தது. அவள் எடுத்து நீட்டினாள். பிள்ளையின் உள்ளங்காலில் நாணயமளவில் ஒரு கறுத்த மைப்பொட்டு இருந்தது. றமீஸா காலுறையைப் பறித்து மாட்டினாள். அவள் பார்வை பின்வாசலுக்கு, ஷாமில் நின்ற பக்கம் ஓடித் திரும்பியது.

"மகன் சுகமா?" என்று கேட்டாள் அன்ட்றியா.

"ஓம்." பிறகு, தணிந்த குரலில், "இரவைக்குச் சிணுங்குறான். பால் எடுக்கிறானும் இல்ல. டொக்டர் ஒண்டுமில்ல எண்டுறார்."

"வெளிய கொண்டுபோவீங்களா?"

"இந்தக் காத்துக்குள்ளயா? ஊட்டுக்குள்ளதான்."

"ஆக்கள் வருவாங்களோ பாக்க?"

"வாறல்ல." அவள் அறைக்குள் போய்விட்டாள்.

அன்ட்றியா தேசிக்காய்த் தண்ணியைக் குடித்து முடித்தாள். அடியில் கொட்டைகள் கிடந்தன. கோப்பையோடு முன்வாசலுக்குப் போனாள். அங்கும் கல். பக்கவாட்டில் பார்த்தாள். கல்.

"சிங்குக்குள்ள ஊத்துங்க மிஸ்," என்றார் ஹமீட். "இந்த வளவுல ஒரு கொட்டை போடவும் மண் இல்ல. முந்தி கிணத்தடியில முருங்கை நிண்டது, வாழை நிண்டது. இப்ப கோழி வந்தாக் கிளறவும் இடமில்ல. போன வருசம் நஸீர் காசனுப்ப, ஷாமில் நிண்டு பதிச்சான். அப்ப மட்டும் மருமகன்மார் ரெண்டு பேரும் ஒத்துமை."

அன்ட்றியா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு உள்ளே வந்தாள். சிறுபசளை நின்ற சாடியின் முன் குனிந்தாள். விளிம்பிலிருந்த வெள்ளைப் படையை நகத்தால் சுரண்டினாள். நாக்கில் வைத்தாள்.

"அல்லாஹ்!" ஹமீட் கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டார். "பொம்புள, அது நஞ்சு!"

"இல்ல," என்றாள் அன்ட்றியா. முகத்தைச் சுளித்தாள். "ஷாமிலக் கூப்பிடுங்க. அஸருக்கு முதல் முடிச்சிருவம்."

எல்லோரும் ஹோலில் கூடினார்கள். ஷாமில் கதவோடு சாய்ந்து நின்றான். றமீஸா பிள்ளையோடு கட்டில் விளிம்பில், திறந்த கதவுக்குள் இருந்தாள்.

"புல்லு மருந்து இந்தச் சாடிக்குள்ள போயிருந்தா முதல்ல ஆர் சாகணும்? புல்லு பூண்டு," என்றாள் அன்ட்றியா. "இந்தச் சிறுபசளையப் பாருங்க. வாவிக்கரையில உவர் மண்ணுல வேற ஒண்டும் நிக்காத இடத்திலயும் இது நிக்கும். பெகோனியா செத்த மண்ணுல இது சிரிச்சிக்கொண்டு நிக்கிது. இதுக்குள்ள இரிக்கிறது உப்பு. சாப்பாட்டு உப்பு. உப்பு கூடினா மண் ஈரமா இருந்தாலும் வேரால தண்ணிய எடுக்க ஏலா. தட்டுல வடியிறதும் திரும்ப மேல ஏறும். உப்பு எங்கயும் போறல்ல. இலை ஓரத்தால கருகி வரும். ஷாமில் மருந்து வைக்கல்ல."

அவள் அத்தோடு நிறுத்தினாள். நிறுத்திக்கொள்ள முடியும் என்று நம்பினாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"அப்ப உப்பு வெச்சிரிக்கார்," என்றாள் அகீலா.

"அகீலா..."

"மருந்து எண்டா பிடிபடும். அதுதான் உப்பு. பாத்தீங்களா மாமா மூளைய? உப்பு முடிஞ்சது எலியாலயா?" அவள் கருகிய இலை ஒன்றைப் பிய்த்து நீட்டினாள். "எனக்கு வேற என்ன இரிக்கி இந்த ஊட்டுல? இந்த இலையத்தானே பாத்துக்கொண்டிருந்தன். அதையும் கொன்று போட்டார்."

ஹமீட் தாடியைத் தடவினார். "அதுவும் சரிதானே மிஸ்? உப்பு தானா நடந்து வராது."

ஷாமில் கதவை விட்டு விலகினான். குனிந்து தன் பையை எடுத்தான்.

அன்ட்றியா தன் பையைக் கழற்றி மறுபடி கீழே வைத்தாள்.

"கொல்லுறதுக்குப் போட்டவன் ஒரு பிடி போட்டிருப்பான், ஒரே நாளில முடிச்சிருப்பான். இது அப்பிடியில்ல. கரைச்ச உப்பு. கொஞ்சம் கொஞ்சமா, நாளாந்தம், ஒரு சாடி பட்டா அடுத்த சாடி. அதுவும் கதவுக்குக் கிட்ட இருக்கிற அஞ்சு மட்டும். ஜன்னல் வரைக்கும் நடக்க நேரமில்லாத ஒராள். கோவத்துல செய்யிற ஆள் நல்ல சாடியத் தேடிப் போவான். இந்த ஆளுக்குச் சாடி முக்கியமேயில்ல." அவள் ஹமீட்டின் பக்கம் திரும்பினாள். "மாமா, கண்ணூறு பட்டா உங்கட பக்கம் என்ன செய்வாங்க?"

"இப்ப ஆரும்..." ஹமீட் ஷாமிலைப் பார்த்தார். "முந்தி செய்வாங்க. ஒரு பிடி உப்ப எடுத்து, ஓதி, புள்ளயச் சுத்தி, தண்ணியில போடுற. உப்பு கரையக் கரையக் கண்ணூறும் கரையும் எண்டு."

"எங்கட அம்மாவும் செய்வா. சேர்ச்சுக்கும் போவா, உப்பும் சுத்துவா. பிறகு அந்தத் தண்ணிய என்ன செய்யிற?"

"ஓதின தண்ணிய நினைச்ச இடத்துல ஊத்த ஏலாதே. சிங்கு, கக்கூசு கூடாது. ஆக்கள்ட கால் படுற இடமும் கூடாது. ஒரு மரத்தடியில, கால் படாத மண்ணுல..."

ஹமீட் நிறுத்தினார். அவர் கண்கள் முன்வாசலுக்குப் போயின. அங்கிருந்து, மெதுவாக, கதவடியில் வரிசையாக நின்ற சாடிகளுக்கு வந்தன.

"மதிலுக்குள்ள மிஞ்சின மண் இது மட்டும்தான்," என்றாள் அன்ட்றியா.

ஷாமில் திறந்த அறைக் கதவுக்குள் பார்த்தான்.

"றமீஸா," என்றான் ஷாமில்.

அவள் வெளியே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. "எனக்குத் தெரியாது. வல்லாஹி தெரியாது. மூண்டு குல் சூறாவும் ஓதின தண்ணி. அது ஒண்டையும் கொல்லாது எண்டுதான் நான்... மஃரிபுக்கு நீங்க பள்ளிக்குப் போனதும் செய்வன். நீங்க கண்டா ஏசுவீங்க."

"என்னயப் பையத் தூக்கிப் போகச் சொல்றாங்க. நீ பேசாம நிண்ட."

"இது வேற, அது வேற எண்டுதானே நினைச்சன்! நீங்க செய்யல்ல எண்டு காலையில இருந்து அழுதுகொண்டு சொன்னன். ஆரு கேட்டது?"

ஷாமில் பையைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் கோபம் இருந்ததா, களைப்பு இருந்ததா என்று சொல்ல முடியவில்லை. கதவு நிலையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"சரி, சரி," என்றார் ஹமீட், நிம்மதியாகவே. "ஒரு பிடி உப்புக்கு ஒரு குடும்பத்தப் பிரிக்கப் பாத்தம். மாப்பிள்ள, பைய உள்ள வைங்க. அகீலா, மாப்பிள்ளைட்ட ஒரு வார்த்தை சொல்லு."

அகீலா அவர் பக்கம் திரும்பவில்லை. தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆர்ட கண்ணுக்கு?" என்று கேட்டாள்.

றமீஸா பிள்ளையின் காலுறையை இழுத்துவிட்டாள்.

"புள்ள வெளிய போறதில்ல. ஆக்கள் வாறதும் இல்ல எண்டு இப்பதான் மிஸ்ட்டச் சொன்ன. அப்ப ஆர்ட கண் படுது, றமீஸா?"

"ராத்தா..."

"நான் மடியில வெச்சா உடனே பாலுக்கு நேரம் எண்டு தூக்குவா. ஒவ்வொரு நாளும்." அகீலா சத்தமாகப் பேசவில்லை. தனக்குத்தானே எதையோ சரிபார்ப்பதுபோல இருந்தது. "வடிவு எண்டு சொன்னா வாய்க்குள்ள ஓதுவா. நானும் ஆமீன் சொல்றா எண்டு நினைச்சன்."

றமீஸா அழத் தொடங்கினாள். அவள் மறுக்கவில்லை.

அன்ட்றியா சாடிகளின் பக்கம் திரும்பினாள். தெரிந்ததைச் சொன்னாள். சாடிகளைத் தட்டிலிருந்து தூக்க வேண்டும். குளியலறையில் வைத்து, அடியால் ஓடும்வரை மழைத்தண்ணீரை ஊற்ற வேண்டும். வடியவிட்டு, மறுபடி ஊற்ற வேண்டும். பிறகு மண்ணையே மாற்ற வேண்டும். சின்ன இலைகளில் நரம்போடு பச்சை மிஞ்சிய துண்டுகளை வெட்டி ஈர மணலில் பதித்தால், சிலது வேர் விடும். சிலது விடாது.

"மணல் எங்க எடுக்கிற?" என்று கேட்டார் ஹமீட், எதையாவது கேட்க வேண்டுமே என்று.

"நான் கொண்டுவாறன்," என்றான் ஷாமில். அவன் போய்ச் சாடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தான். அகீலா எதிரில் வந்தபோது வழிவிட்டு ஒதுங்கி நின்றான். அவள் அவனிடம், "என்ன மன்னிச்சிருங்க," என்றாள். அவன் தலையை ஆட்டினான்.

அஸர் பாங்கு கேட்டது. ஆண்கள் இருவரும் பள்ளிக்குப் போனார்கள். அன்ட்றியா பச்சை மிஞ்சிய இலைகளை நறுக்கினாள். அகீலா குளியலறை வாசலில் குந்தியிருந்து, பரலிலிருந்து அள்ளி வந்த தண்ணீரைக் கோப்பை கோப்பையாக ஊற்றினாள். சாடியின் அடியால் மண்ணிறத்தில் வடிந்த தண்ணீர் கல்லின் மேல் ஓடியது.

இஷாம் தாயின் கையிலிருந்து நழுவி இறங்கினான். ஈரத்தில் சளப் சளப்பென்று கையை அடித்துத் தவழ்ந்து வந்தான். வழக்கம்போல அகீலாவின் பாவாடையைப் பிடித்து எழும்பி, இரண்டு கைகளையும் உயர்த்தினான். சிரித்தான்.

அகீலா அவனைப் பார்க்கவில்லை. ஒரு கையால் கோப்பையைச் சரித்தபடி, மற்றக் கையால் தேடி அவன் தலையைத் தொட்டாள். கை அங்கேயே இருந்தது. கண்கள் மட்டும் சாடியின் மண்ணை விட்டு எழவில்லை.

"றமீஸா," என்றாள். "புள்ள நனையுறான். எடுத்திட்டுப் போ."

றமீஸா வந்து பக்கத்தில் நின்றாள். குனிந்து பிள்ளையை எடுக்கவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. அகீலா அடுத்த கோப்பையை ஊற்றினாள்.